பழைய மருந்து, புதிய கணக்கு

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



என்னை அழைத்த செயலாளர் இரண்டு நிபந்தனை போட்டார். தமிழில் பேச வேண்டும், ப்ரொஜெக்டர் கிடையாது. டாக்டர்கள் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டியே பேசிப் பழகியவனுக்கு இரண்டாவது நிபந்தனை கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. "கரும்பலகையாவது இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு டாக்டர், சாக்பீஸும் வாங்கி வெச்சிடறேன்" என்றார். வாங்கி வைத்திருக்கிறார், கலர் சாக்பீஸ் உட்பட. பயப்படாதீர்கள், பலகைக்கு ஒரே ஒரு முறைதான் போவேன்.

நோயின் முழுப்பெயர் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. ஆஸ்பத்திரியில் ஏ.எல்.எல். என்போம். ஊரில் பிளட் கேன்சர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் பிறந்து, வளர்ந்து, ஆளாகி வெளியே வருகின்றன. அதில் ஒரு வகை வெள்ளையணு ஆளாகாமல் குழந்தைப் பருவத்திலேயே நின்றுகொண்டு, பெருகுவதை மட்டும் செய்தால் அது இந்த நோய். மஜ்ஜை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். சிவப்பணுவுக்கு இடமில்லை, குழந்தை வெளுத்துப் போகும். தட்டணுவுக்கு இடமில்லை, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். கிருமியோடு சண்டை போட ஆளில்லை, காய்ச்சல் விடாது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இதுதான். அதிலும் 2 முதல் 5 வயதுக்குள் அதிகம்.

1979-இல் நான் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். நான்கு வயதுப் பெண் குழந்தை. கெண்டைக்காலில் ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. விளையாடி அடிபட்டது என்று அம்மா எண்ணெய் தடவியிருக்கிறார். மூக்கில் அடைத்த பஞ்சு நனைய நனைய நான்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்த்தால் போதும், வேறு பரிசோதனையே வேண்டாம், அப்படி நிறைந்து கிடந்தது. அப்பா வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஊசி எதாச்சும் இருந்தா போடுங்க. காடு கொஞ்சம் கெடக்கு, வித்துப்புடறேன்." நான் படித்த பாடப்புத்தகம் என்ன சொல்லச் சொன்னதோ அதைச் சொன்னேன். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட்டதை வாங்கிக் குடுங்க."

அதே ஆண்டில், அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்ற ஊரில், இதே நோய் வந்த குழந்தைகளில் பாதிப் பேர் குணமாகி, மருந்தெல்லாம் நிறுத்தி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் நூலகத்தில் இருந்த பழைய பதிப்புக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்கு உறைத்தது வேறு ஒன்று. மெம்ஃபிஸ்காரர்கள் பயன்படுத்திய மருந்துகளில் ஒன்றாவது எங்கள் வார்டு அலமாரியில் அன்றைக்கே இருந்தது: ப்ரெட்னிசோலோன் மாத்திரை. மற்றவையும் சில பத்தாண்டுகளாக உலகம் அறிந்தவைதான். எங்களிடம் இல்லாதது அவற்றை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை நாள், எந்த வழியாகக் கொடுப்பது என்ற கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கதை நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறது என்றால் பின்வரிசை மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். அன்று அது சென்னை மாகாணம். படித்தது சென்னையில்: இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டு, அறுவை அரங்குக்குக் கதராடையில் வந்தார். அறுவைத் துறைப் பேராசிரியராக இருந்த வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையில் தேறியும் முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற கீழ்ப்படிச் சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணி கிடைக்காமல் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். மாமனார் திரட்டிய பணமும் காக்கிநாடாப் பக்கத்து அறக்கட்டளை ஒன்று தருவதாகச் சொன்ன உதவியும் சேர்ந்து அவரை 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்கு அனுப்பின. அறக்கட்டளைக் குழுவினர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஹார்வர்டில் அவர் முதலில் கண்டுபிடித்தது மருந்தல்ல, எண்ணும் முறை. ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தைக் கொண்டு அளக்கும் முறை, 1925-இல் ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து வெளியிட்டது. உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று இன்றும் படிக்கிறார்கள். இரண்டாவது பெயருக்குரியவர் படிக்கிற காலத்தில் செலவுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தவர் என்பது பாடத்தில் இருக்காது.

அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயில் இறந்தார்கள். குடல் சத்தை உறிஞ்சாமல் ஆள் உருக்குலைந்து போகும் நோய் அது. கூடவே கடுமையான ரத்தசோகை. இதே காலத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் ரத்தம் ஊறியது. அதில் இருந்த சத்து எது என்று அவருக்குத் தெரியவில்லை. பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்து, இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கீரை சாப்பிடு, ரத்தம் ஊறும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு வேதியியல் விலாசம் கிடைத்தது.

சுப்பாராவ் 1940-இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்கு வந்தார். ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரிப்பது அவர் குழுவின் வேலை. தயாரித்தும் விட்டார்கள். செய்யும் வழியில் அதைப்போலவே தோற்றமுள்ள, ஆனால் வேலை செய்யாத சில சகோதரப் பொருள்களும் உருவாயின. சாவியைப் போலவே இருக்கும், பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது. நிஜச் சாவியையும் உள்ளே விடாது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்றொரு நோய்க்கூறியல் டாக்டர் இருந்தார். பிணப் பரிசோதனை அவர் தொழில். குழந்தைகள் அவரிடம் வந்தது இறந்த பிறகுதான். ரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலம் நல்லதென்றால் லுகேமியாவுக்கும் நல்லதாக இருக்கலாம் என்று எண்ணி, அதன் வகைகளைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதை அனுமதிக்காது என்று அடிக்குறிப்பாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஃபார்பரின் கெட்டிக்காரத்தனம் அந்தத் தோல்வியை அவர் படித்த விதத்தில் இருக்கிறது. இந்தச் சத்து தீயில் ஊற்றிய எண்ணெய் என்றால், இதன் போலிச் சாவி தீயை அணைக்க வேண்டுமே! லெடர்லேக்கு எழுதினார். சுப்பாராவ் குழுவிடமிருந்து அமினோப்டெரின் வந்தது. 1947 டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அதை ஊசி போடத் தொடங்கினார். ஏறிக்கொண்டே போன வெள்ளையணு எண்ணிக்கை நின்றது, பிறகு இறங்கியது. பையன் எழுந்து நடந்தான்.

1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லைப் போட்டிருந்தார். அந்த நேர்மை எனக்கு எப்போதும் பிடிக்கும். சில மாதங்களில் நோய் திரும்பியது. முதல் பையனும் பிழைக்கவில்லை. அந்தக் கட்டுரை வந்த இரண்டாம் மாதம், ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53. அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகத்தில் ஏ.எல்.எல்.லுக்குச் சிகிச்சை பெறும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் போகிறது. யானைக்கால் நோய் ஒழிப்புக்கு நம் வீடு தேடி வந்து தரும் டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான்.

அடுத்த இருபது வருடத்து மருந்துகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1951-இல் கெர்ட்ரூட் எலியன் 6-மெர்காப்டோப்யூரினைத் தயாரித்தார். முனைவர் பட்டம் இல்லாதவர், முன்பு ஒரு மளிகை நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர், 1988-இல் நோபல் பரிசு பெற்றார். கினிப்பன்றியின் சீரம் எலியின் கட்டியைக் கரைப்பதை ஒருவர் 1953-இல் கவனித்ததிலிருந்து ஆஸ்பராஜினேஸ் வந்தது. வின்கிறிஸ்டின் மட்டும் நம்மூர்ச் செடியில் இருக்கிறது என்பதால் அதற்கு ஒரு நிமிடம் கூடுதல். நித்தியகல்யாணி. சிலர் சுடுகாட்டு மல்லி என்பார்கள், அதனால் வீட்டில் வைக்க யோசிப்பார்கள். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட ஒருவர், கனடாவுக்கு ஓர் உறையில் சில இலைகளை அனுப்பினார். அங்கே ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. எலிகள் காய்ச்சல் கண்டு செத்தன. ஏன் செத்தன என்று பார்த்தால் வெள்ளையணுக்களே காணோம். வேறொருவராக இருந்தால் எலியோடு சேர்த்து இலையையும் குப்பையில் போட்டிருப்பார். ஒரு டன் உலர்ந்த இலையில் சில கிராம்தான் வின்கிறிஸ்டின் தேறும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் இந்தச் செடியைப் பயிர் செய்து இலையையும் வேரையும் மூட்டை கட்டி விற்கிறார்கள்.

ஆக, 1962-க்குள் நாலு மருந்து கையில்: மெத்தோட்ரெக்சேட், 6-மெர்காப்டோப்யூரின், வின்கிறிஸ்டின், ப்ரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒன்று பலிக்காமல் போனதும் அடுத்தது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்தார்கள். இப்போது பலகைக்குப் போகிறேன்.

(பலகையில் 1 எழுதி அதன் பக்கத்தில் பன்னிரண்டு சுழி போடப்படுகிறது.)

ஒரு லட்சம் கோடி. நோய் கண்டுபிடிக்கும் அன்று குழந்தையின் உடம்பில் இருக்கும் லுகேமியா அணுக்கள் ஏறக்குறைய இத்தனை. எடை போட்டால் ஒரு கிலோ. ஒரு சுற்று மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சுழியை அழிக்கிறேன். குழந்தை எழுந்து விளையாடுகிறது, மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தால் சுத்தம். நாங்கள் ரெமிஷன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். பலகையைப் பாருங்கள். இன்னும் ஆயிரம் கோடி மிச்சம்.

அலபாமாவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்பவர் எலிகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கொல்வதில்லை, குறிப்பிட்ட விகிதத்தைக் கொல்கிறது. லட்சம் கோடி இருந்தாலும் நூறு இருந்தாலும் அதே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுதான். அவருடைய எலியில் ஒரே ஓர் அணு மிஞ்சினாலும் அது பெருகி எலியைக் கொன்றது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நோயோடு, குழந்தை ஓடியாடும்போது, மாதக்கணக்கில் சண்டையைத் தொடர வேண்டும். நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் இன்னும் கீமோ என்று கேட்காத பெற்றோர் கிடையாது. இந்தப் பலகைதான் பதில்.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரிக் என்று இரண்டு எமில்கள். நாலு மருந்தையும் சேர்த்தே கொடுப்போம் என்று 1962-இல் துணிந்தார்கள். குழந்தைகளை வைத்துக் கசாப்பு செய்வதாகச் சக டாக்டர்களே பேசினார்கள். அதற்கு முன்பே ஃப்ரைரிக் இன்னொரு சண்டையை முடித்திருந்தார். வார்டில் தலையணை, திரைச்சீலை எல்லாம் ரத்தம். சேமித்து வைத்த பழைய ரத்தத்தில் தட்டணுக்கள் செத்துப் போயிருக்கும், புதிதாகப் பிரித்து ஏற்ற வேண்டும் என்று அவர் காட்டினார். மகனுக்கு லுகேமியா வந்த ஐ.பி.எம். பொறியாளர் ஒருவர் அவரோடு சேர்ந்து ரத்த அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தையே வடிவமைத்தார். இன்று நம் ரத்த வங்கியில் மஞ்சள் நிறத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் பிளேட்லெட் பைக்குப் பின்னால் அந்த வார்டு இருக்கிறது. பிளேட்லெட் பை இல்லாமல் கீமோ இல்லை. புற்றுநோய் மருந்து பற்றிப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி மறக்கிறார்கள்.

நாலு மருந்துத் திட்டத்தில் மஜ்ஜை சுத்தமானது, மாதக்கணக்கில் சுத்தமாகவே இருந்தது. பிறகு பல குழந்தைகள் தலைவலி, வாந்தி என்று திரும்பி வந்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரில் நோய். ரத்தத்தில் ஓடும் மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அந்தப் பாதுகாப்பான வீட்டில் கொஞ்சம் அணுக்கள் பதுங்கியிருந்தன.

மெம்ஃபிஸில் செயின்ட் ஜூட் மருத்துவமனை 1962 பிப்ரவரியில் திறந்தது. கறுப்பினக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே வார்டில் படுக்க அந்த ஊரில் அன்று வேறு இடம் அரிது. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல் இளம்பிள்ளைவாதம் தாக்கி மீண்டவர். அவர் பாதிக் குணத்தைக் குறிவைப்பதில்லை என்று முடிவு செய்தார். நோயை அடக்குவது, அடங்கியதும் இன்னொரு முறை பலமாக அடிப்பது, தலைவலி வருவதற்கு முன்பே முதுகுத்தண்டு நீரில் மெத்தோட்ரெக்சேட் ஊசியும் தலைக்குக் கதிர்வீச்சும், அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் தினசரி மாத்திரை. நாலு முறை திட்டம் போட்டு, நாலு முறையும் எங்கே ஓட்டை என்று பார்த்தார். ஐந்தாவது திட்டத்தில், 1967 இறுதியில் தொடங்கி, 35 குழந்தைகளைச் சேர்த்தார். பாதிப் பேர் பிழைத்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் பிழைத்திருந்தார்கள். அந்தத் திட்டம் தொடங்கியது, எங்கள் ஊர் அப்பாவிடம் நான் பேசியதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்பு.

பாதி எப்படி இன்று வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஆனது? இங்கேதான் என் பேச்சின் நடு முடிச்சு. அந்த உயர்வில் பெரும்பகுதி நிகழ்ந்த காலத்தில் அடிப்படை மருந்து எதுவும் புதிதாக வரவில்லை. எல்லாம் 1970-க்குள் தெரிந்தவை. குலுக்கல்தான் வந்தது. ஒரு கேள்வி: ஸ்டீராய்டில் இது நல்லதா அதுவா? இரண்டில் எது என்று எந்த டாக்டருக்கும் நிச்சயமில்லை. பெற்றோரிடம் அதை ஒளிக்காமல் சொல்லி, சம்மதம் வாங்கி, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஐந்து வருடம் எண்ணிப் பார்ப்பது. விடை வந்ததும் ஜெயித்த பிரிவை அடித்தளமாக வைத்து அடுத்த கேள்வி. அமெரிக்காவில், இங்கிலாந்தில், ஜெர்மனியில் பெர்லின், ஃபிராங்க்ஃபுர்ட், மூன்ஸ்டர் மூன்றும் சேர்ந்த குழுவில், இப்படி ஐம்பது வருடம். ஜெர்மனியில் ஹன்ஸ்யோர்க் ரீம் ஒரு எளிய எண்ணிக்கையைக் கண்டுபிடித்தார். ஒரு வாரம் பெரும்பாலும் ஸ்டீராய்டு மட்டும் கொடு, எட்டாம் நாள் ஒரு சொட்டு ரத்தத்தை எண்ணு. கெட்ட அணு ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் நல்ல சகுனம். சகுனம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன், ஆனால் இது எண்ணிப் பார்த்த சகுனம்.

மருந்தை விட அதைக் கொடுக்கும் கணக்கே முக்கியம் என்பதற்கு என் கையிலுள்ள வலுவான சாட்சி 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீடு. 16 முதல் 20 வயதுள்ள பிள்ளைகள். சிலரைக் குழந்தை டாக்டர்கள் குழுவும், சிலரைப் பெரியவர்களுக்கான டாக்டர்கள் குழுவும் பார்த்தன. எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதுதான் வித்தியாசம். அதே நோய், ஏறக்குறைய அதே மருந்துகள். ஏழு வருடம் கழித்துக் குழந்தை டாக்டர்களிடம் போனவர்களில் 67 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 46. குழந்தை டாக்டர்கள் சில மருந்துகளை அதிகமாகக் கொடுத்தார்கள், மூளைக்கான சிகிச்சையை முன்னாலேயே தொடங்கினார்கள், நீண்ட நாள் தொடர்ந்தார்கள், தேதி தவறவிடவில்லை. நான் குழந்தை டாக்டர் என்பதால் இதைக் கொஞ்சம் ருசித்துச் சொல்கிறேன் என்று தலைவர் புன்னகைக்கிறார். உண்மைதான்.

எண்ணும் கருவியும் கூர்மையானது. நுண்ணோக்கியில் நூறில் ஐந்தைத்தான் நம்பிச் சொல்ல முடியும். 1990-களில் வந்த முறைகள் பத்தாயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்கின்றன. நேற்று வீட்டில் சமையலறைத் தராசை வைத்துக் கணக்குப் பார்த்தேன்: ஓர் ஆழாக்குப் பொன்னி அரிசியில் ஏறக்குறைய பத்தாயிரம் அரிசி இருக்கும். அதில் ஒரே ஒரு கறுப்பு அரிசியைத் தேடுவது. என் மனைவி சுளகில் போட்டு அதைச் செய்துவிடுவார். நாங்கள் லேசர் கருவியில் செய்கிறோம். முதல் மாத முடிவில் அந்தக் கறுப்பரிசி இருக்கிறதா இல்லையா என்பதே, வேறெந்தப் பரிசோதனையையும் விட, அந்தக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்கிறது.

இதனால் கிடைத்த லாபம் சிகிச்சையைக் கூட்டியதில் மட்டுமல்ல, குறைத்ததிலும் இருக்கிறது. தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிப் பிழைத்த குழந்தைகளில் பலர் படிப்பில் தடுமாறினார்கள், உயரம் நின்றது, சிலருக்கு இருபது வருடம் கழித்து மூளையில் வேறு கட்டி வந்தது. காப்பாற்றிய கைதான் அதையும் செய்தது. 2000-இல் செயின்ட் ஜூட் தன் பதினைந்தாவது திட்டத்தில் தடுப்புக்காகத் தலைக்குக் கதிர்வீச்சே கொடுப்பதில்லை என்று 498 குழந்தைகளிடம் சோதித்தது. முதுகு ஊசியும் கவனமான மருந்தளவும் போதும் என்று தெரிந்தது. 93 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருடம் தாண்டினார்கள். இங்கிலாந்தில் 2003-இல் தொடங்கிய ஆய்வு, கறுப்பரிசி தென்படாத குழந்தைகளுக்கு ஒரு தீவிரச் சுற்றையே விட்டுவிடலாம் என்று காட்டியது. ஒரு மருந்தைச் சேர்க்க எல்லாருக்கும் ஆசை. எடுக்கத் துணிவு வேண்டும், துணிவுக்கு எண்ணிக்கை வேண்டும்.

புது மருந்தே வரவில்லையா என்றால், இப்போது வந்திருக்கிறது. குழந்தையின் சொந்த வெள்ளையணுக்களை எடுத்து, நோயை அடையாளம் காணப் பழக்கித் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சை 2012-இல் ஃபிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமியைக் காப்பாற்றியது. இந்தியாவில் ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய அதே வகைச் சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. பிளினாடுமோமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தை வழக்கமான கீமோவோடு சேர்த்து 1440 குழந்தைகளிடம் சோதித்து, 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். மூன்று வருடம் நோயின்றி இருந்தவர்கள் 88-லிருந்து 96 சதவீதமானார்கள். அதையும் குலுக்கல்தான் சொன்னது. ஒரு சுற்று என்பது 28 நாள் இடைவிடாத டிரிப். அதன் விலையை இந்த மேடையில் சொல்லி மாலையைக் கெடுக்க விரும்பவில்லை.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. அறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மா மட்டும் கேட்பார்: "நான் மாசமா இருக்கறப்ப எதாவது தப்பா சாப்பிட்டுட்டனா டாக்டர்?" மாமியார் ஏற்கனவே பப்பாளி என்று தீர்ப்பு சொல்லியிருப்பார். இதற்குப் பதில் தேடியவர் லண்டனில் மெல் கிரீவ்ஸ். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இருவருக்கும் லுகேமியா வந்தபோது, இருவரின் அணுக்களிலும் மரபணு ஒரே எழுத்தில் உடைந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தார். அது கருப்பையில் ஒருவருக்கு உண்டாகி நஞ்சுக்கொடி வழியாக மற்றவருக்குப் போயிருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றியெடுக்கும் ரத்தப்பொட்டுகள் அங்கே ஆண்டுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். பின்னாளில் நோய் வந்த குழந்தைகளின் அட்டைகளைத் தேடி எடுத்தால், பலருக்குப் பிறந்த வாரத்து ரத்தத்திலேயே அந்த உடைப்பு இருந்தது. அதே உடைப்பு நோயே வராத குழந்தைகளிலும் நூற்றில் ஒருவருக்காவது இருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே நோய் வருகிறது. உடைப்பு முதல் அடி மட்டுமே; நோய் வர இரண்டாவது அடியும் விழ வேண்டும். அது எப்படி விழுகிறது என்பதில், சாதாரணக் கிருமிகளைக் குழந்தை காலம் தாழ்த்திச் சந்திப்பதற்குப் பங்கு உண்டு என்பது கிரீவ்ஸின் வாதம். பப்பாளிக்குப் பங்கில்லை. அந்த அம்மாவிடம் நான் இதை இரண்டு முறை சொல்வேன், இரண்டாவது முறை மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு.

நம் நாட்டுக்கு வருகிறேன். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா காலத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்தது. 1984-இல் அமெரிக்கப் புற்றுநோய் நிலையத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு மூன்றும் ஒரே திட்டத்தை எழுதிக்கொண்டன: எம்.சி.பி. 841. இங்கே கிடைக்கும் மருந்து, இங்கே தாங்கக்கூடிய செலவு, இங்கே இருக்கும் ரத்த வங்கி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த திட்டம். இருபது வருடக் கணக்கை 2005-இல் வெளியிட்டபோது ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தப்பித்திருந்தார்கள். தோல்விகளையும் அதே கட்டுரையில் எண்ணி எழுதினார்கள். நோய் அடங்கிய பிறகும் கிருமித் தாக்குதலில் இறந்தவர்கள் அதிகம். ஊட்டம் குறைந்த குழந்தை, தூரத்து ஊர், ராத்திரி காய்ச்சல், காலையில் முதல் பஸ், அதற்குள் முடிந்துவிடும். 2016 முதல் பல இந்திய மையங்கள் சேர்ந்து நம் குழந்தைகளுக்கான கேள்விகளை நம் குழந்தைகளிடமே குலுக்கிப் பார்க்கும் இக்கிள் என்ற ஆய்வை நடத்தின. எனக்கு அதன் முடிவை விட, இத்தனை மையங்கள் ஒரே படிவத்தை நிரப்பியதே பெரிய செய்தி.

கடைசியாக, ஒரு மாத்திரை. எலியன் கண்டுபிடித்த அந்த 6-எம்.பி., 50 மில்லிகிராம், வெளிர் மஞ்சள். வீட்டில் ஒன்றரை, இரண்டு வருடம் தினமும். ஸ்மிதா பாட்டியா அமெரிக்காவில் மாத்திரை டப்பியின் மூடியில் ஒரு சில்லைப் பொருத்தி, எந்தத் தேதியில் திறந்தார்கள் என்று பதிந்தார். நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல். இன்னொரு சிக்கலும் உண்டு. சில குழந்தைகளின் உடம்பு இந்த மருந்தைச் செரிக்காது. சாதாரண அளவிலேயே ரத்த அணுக்களின் கவுண்ட் தரைமட்டமாகிவிடும். மேலை நாட்டார் இதற்கு டி.பி.எம்.டி. என்ற மரபணுவைச் சோதித்தார்கள். நம் குழந்தைகளில் பலருக்கு அது சரியாகவே இருக்கும், ஆனாலும் கவுண்ட் விழும். 2014-இல் கொரியாவில் குடல்நோய்க்காரர்களிடம் என்.யூ.டி.டி.15 என்ற வேறொரு மரபணுவின் மாற்றத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. ஆசியர்களிடம் அதிகம் இருப்பது இந்த மாற்றம். அதற்கு முன்பு எத்தனை அம்மாக்களிடம் "மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்களா?" என்று நான் கேட்டிருக்கிறேன்!

அப்படி நான் கேட்ட ஓர் அம்மா, தீப்பெட்டி ஆபீசில் வேலை. பையனுக்கு அளவு வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் பாதி. வீட்டில் கிழிக்கும் தினசரி காலண்டர். ராத்திரி மாத்திரை கொடுத்ததும் அன்றைய தாளைக் கிழித்து, ராகுகாலத்துக்கு மேலே 1 என்றோ ½ என்றோ பேனாவால் எழுதி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறார். நான் கேட்டதும் பையை மேசையில் கவிழ்த்தார். ஓ.பி.யில் கூட்டம் நிற்கிறது. நானும் நர்ஸும் மாதவாரியாகப் பிரித்து எண்ணினோம். ஒரு தாள் குறைந்தது. ஆடி மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. "அன்னிக்கு எங்க மாமா செத்துட்டாரு சார், ஊருக்குப் போயிட்டோம். மறுநாள் ரெண்டா குடுக்கல, நீங்க சொன்ன மாதிரி ஒண்ணுதான் குடுத்தேன்." சீட்டில் அளவைப் பாதியாகக் குறைத்து எழுதினேன். அவர் தாள்களை வரிசை கலையாமல் மறுபடி பைக்குள் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டார்.